ஒரே கிளப் அடுத்தடுத்து இரண்டு முறை விழுவது எப்படி? சண்டர்லேண்டின் 2017–18 கணக்கு

இங்கிலாந்துக் கால்பந்தின் முதல் நிலையான பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கிவரும் கிளப்பிடம் பாராசூட் பணம் (இறங்கிய பிறகும் சில ஆண்டுகள் லீக் தரும் தொகை) இருக்கிறது, பெரிய மைதானம் இருக்கிறது, மேல்நிலையில் ஆடிப் பழகிய வீரர்கள் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் சில கிளப்கள் ஒரே ஆண்டில் திரும்ப மேலே போகின்றன, சில கிளப்கள் இன்னும் ஒரு படி கீழே விழுகின்றன. வுல்வ்ஸ் 2012, 2013 ஆகிய இரு ஆண்டுகளிலும் இறங்கியது. லூட்டன் டவுன் 2024-இல் பிரீமியர் லீக்கை விட்டது, 2025-இல் இரண்டாம் நிலையான சாம்பியன்ஷிப்பையும் விட்டது. மற்றவர்களைவிட அதிகப் பணம் வைத்திருக்கும் அணி எப்படி விழும் என்று ஒவ்வொரு முறையும் கேள்வி எழுகிறது.

2017-இல் பிரீமியர் லீக்கிலிருந்தும் 2018-இல் சாம்பியன்ஷிப்பிலிருந்தும் இறங்கிய கிளப் சண்டர்லேண்ட். இந்தக் கேள்விக்கு அதன் 2017–18 பருவத்தைவிடத் தெளிவான விடை கிடையாது. சுருக்கமாகச் சொன்னால், இறக்கம் வருமானத்தை ஒரே நாளில் குறைக்கிறது. செலவோ ஒப்பந்தங்கள் முடியும்வரை அப்படியே நிற்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தில்தான் அணி விழுகிறது.

முதலில் ஏணியின் அமைப்பு

ஐபிஎல்லில் கடைசி இடம் பிடித்த அணியும் அடுத்த ஆண்டு அதே போட்டியில் ஆடும். இங்கிலாந்துக் கால்பந்தில் அப்படி இல்லை. பிரீமியர் லீக்கில் 20 அணிகள், ஆளுக்கு 38 ஆட்டங்கள். கடைசி மூன்று அணிகள் சாம்பியன்ஷிப்புக்கு இறங்கும். சாம்பியன்ஷிப்பில் 24 அணிகள், 46 ஆட்டங்கள். முதல் இரண்டு அணிகள் நேராக மேலே போகும். 2017–18 பருவத்தில் 3 முதல் 6 வரையிலான நான்கு அணிகள் பிளேஆஃப் ஆடின, அதில் வென்ற ஒன்று மேலே போனது. கடைசி மூன்று அணிகள் லீக் ஒன்னுக்கு, அதாவது மூன்றாம் நிலைக்கு இறங்கும்.

எட்டு ஆட்டங்கள் கூடுதல் என்பது காகிதத்தில் சிறிய வித்தியாசம். நடைமுறையில் சனிக்கிழமை ஓர் ஆட்டம், செவ்வாய்க்கிழமை இன்னொன்று என்று வாரக்கணக்கில் ஓடும். 14 நல்ல வீரர்கள் இருந்தால் பிரீமியர் லீக்கில் எப்படியோ ஒப்பேற்றலாம். இங்கே முடியாது.

பாராசூட் பணம்: எவ்வளவு, எதற்கு

பிரீமியர் லீக்கின் ஒளிபரப்பு வருமானத்தில் ஒரு பகுதி எல்லாக் கிளப்களுக்கும் சமமாகப் பிரிக்கப்படுகிறது. இறங்கிய கிளப்புக்கு அந்தச் சமபங்கிலிருந்து:

1. முதல் ஆண்டு 55 சதவீதம்.
2. இரண்டாம் ஆண்டு 45 சதவீதம்.
3. மூன்றாம் ஆண்டு 20 சதவீதம். பிரீமியர் லீக்கில் ஒரே ஒரு பருவம் மட்டும் ஆடி இறங்கிய கிளப்புக்கு இது கிடையாது.

சண்டர்லேண்ட் 2007 முதல் பத்துப் பருவங்கள் மேலே இருந்ததால் மூன்று ஆண்டுத் தொகைக்கும் உரிமை இருந்தது. முதல் ஆண்டுத் தொகை 4 கோடி பவுண்டைத் தாண்டும். பாராசூட் இல்லாத சாம்பியன்ஷிப் கிளப்புக்கு பிரீமியர் லீக் தரும் பங்கு அப்போது 50 லட்சம் பவுண்டுக்கும் குறைவு. அதாவது எட்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

ஆனால் ஒப்பிட வேண்டியது பக்கத்துக் கிளப்போடு அல்ல, அதே கிளப்பின் முந்தைய ஆண்டோடு. 2016–17 பருவத்தில் கடைசி இடம் பிடித்தும் சண்டர்லேண்டுக்கு பிரீமியர் லீக்கிலிருந்து வந்த தொகை சுமார் 9.35 கோடி பவுண்டு. அடுத்த ஆண்டு அதில் பாதிக்கும் குறைவு. ஏறக்குறைய 5 கோடி பவுண்டு ஒரே கோடையில் காணாமல் போனது. பாராசூட் என்ற பெயர் பொருத்தமானதுதான், விழுவதை அது நிறுத்தாது, வேகத்தை மட்டுமே குறைக்கும். வேகம் குறையும் அந்த மூன்று ஆண்டுகளுக்குள் செலவை வருமானத்தின் அளவுக்கு இறக்கியாக வேண்டும்.

ஒப்பந்தத்தில் இல்லாமல் போன ஒரு வரி

கிளப்பின் மிகப் பெரிய செலவு வீரர்களின் சம்பளம். அதனால் இறங்கும் அபாயம் உள்ள கிளப்கள் ஒப்பந்தத்திலேயே ஒரு விதியைச் சேர்ப்பது வழக்கம்: அணி இறங்கினால் சம்பளம் இத்தனை சதவீதம் குறையும். வாரம் 40,000 பவுண்டு வாங்கும் வீரருக்கு 40 சதவீதக் குறைப்பு என்றால் சம்பளம் 24,000 ஆகிவிடும். ஆண்டுக்கு 8.32 லட்சம் பவுண்டு மிச்சம். இருபது வீரர்களுக்கு இப்படி இருந்தால் பெரிய ஓட்டை அடைபடும்.

சண்டர்லேண்டில் பலருக்கு இந்த விதி இருந்தது. 2014-இல் மான்செஸ்டர் சிட்டியிலிருந்து 1 கோடி பவுண்டுக்கு வாங்கப்பட்ட ஜாக் ராட்வெல்லுக்கு இல்லை. அவருடைய சம்பளம் வாரம் 70,000 பவுண்டு என்று செய்திகளில் பரவலாக வந்தது. ஆண்டுக்கு 36.4 லட்சம். இரண்டாம் நிலையில் வேறெந்தக் கிளப்பும் அந்தச் சம்பளத்தைத் தராது, ஆகவே அவரை விற்க வழியில்லை. ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள 2018 ஜனவரியில் நடந்த பேச்சும் பலிக்கவில்லை. 2018 ஜூனில்தான் இரு தரப்பும் ஒத்துக்கொண்டு பிரிந்தார்கள்.

ரசிகர்களின் கோபம் முழுக்க அந்த வீரர்மேல் பாய்ந்தது. அது நியாயமில்லை என்றே சொல்வேன். காயங்களால் வாடிய ஒருவர், தான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி சம்பளம் வாங்கினார். அந்த வரியைச் சேர்க்காமல் விட்டது கிளப்.

இன்னொரு பக்கம், ஜெர்மைன் டீஃபோவின் ஒப்பந்தத்தில் நேரெதிரான விதி இருந்தது: அணி இறங்கினால் அவர் இலவசமாக வெளியேறலாம். 2016–17 பருவத்தில் சண்டர்லேண்ட் லீக்கில் அடித்தது மொத்தம் 29 கோல். அதில் 15 டீஃபோ அடித்தது. அவர் போர்ன்மத்துக்குப் போனார். கிளப்புக்கு ஒரு பவுண்டுகூடக் கிடைக்கவில்லை. தேவைப்படாத செலவு தங்கிவிட்டது, தேவைப்பட்ட வீரர் போய்விட்டார். அந்தக் கோடையின் கதை இந்த இரண்டு ஒப்பந்தங்களுக்குள் அடங்கிவிடும்.

புத்தக மதிப்பு: விற்றாலும் ஏன் நஷ்டம்

கிளப்கள் வீரரை வாங்கும் தொகையை ஒரே ஆண்டில் செலவாகக் காட்டுவதில்லை. ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்து எழுதும். இன்னும் எழுதாமல் மீதி நிற்கும் தொகைதான் புத்தக மதிப்பு. இதைப் புரிந்துகொண்டால் இறங்கிய கிளப் ஏன் சட்டென்று வீரர்களை விற்றுத் தள்ளுவதில்லை என்பது விளங்கும்.

1. 2016 ஆகஸ்டில் டிடியே எண்டாங்கை சண்டர்லேண்ட் தன் சாதனைத் தொகையான 1.36 கோடி பவுண்டுக்கு, ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்கியது.
2. ஆண்டுக்குக் கணக்கில் எழுதும் தொகை 27.2 லட்சம்.
3. ஓராண்டு கழித்து அவருடைய புத்தக மதிப்பு 1.088 கோடி.
4. அணி இறங்கியதும் வாங்க வருபவர்கள் விலையை அடித்துக் கேட்பார்கள். 50 லட்சத்துக்கு விற்றிருந்தால்கூட அந்த ஆண்டுக் கணக்கில் 58.8 லட்சம் நஷ்டம் எழுத வேண்டியிருந்திருக்கும்.

எண்டாங் 2018 ஜனவரியில் வாட்ஃபோர்டுக்கு லோனில், அதாவது தற்காலிகக் கடனாக, போனார். சண்டர்லேண்டுக்கு மறுபடி ஆடவேயில்லை.

இந்தக் கணக்கில் நேர்மாறான நிலை ஜோர்டன் பிக்ஃபோர்டுடையது. கிளப்பின் அகாடமியிலேயே வளர்ந்தவர் என்பதால் அவருடைய புத்தக மதிப்பு பூஜ்யம். 2017 ஜூனில் எவர்ட்டன் அவருக்காகக் கொடுத்த 2.5 கோடி பவுண்டும், பின்னால் சேரக்கூடிய 50 லட்சமும் அப்படியே லாபம். இறங்கிய கிளப்கள் பல நேரங்களில் தம் சொந்தப் பிள்ளைகளை முதலில் விற்பதற்குக் காரணம் இதுதான். அடுத்த ஆண்டு உலகக் கோப்பையில் பிக்ஃபோர்ட் இங்கிலாந்தின் முதல் கோல்கீப்பர்.

கோடையில் வீணான நாட்கள்

2017 ஏப்ரல் 29-இல் போர்ன்மத்திடம் 0–1 என்று தோற்றபோதே இறக்கம் உறுதியாகிவிட்டது. அடுத்த பருவத்துக்குத் தயாராக மூன்று மாதத்துக்கும் மேல் இருந்தது. அது செலவான விதம்:

மே 22-இல் மேனேஜர் டேவிட் மோயஸ் விலகினார். அடுத்த 38 நாட்கள் அந்த நாற்காலி காலி. உரிமையாளர் எல்லிஸ் ஷார்ட் கிளப்பை விற்கப் பேச்சு நடத்திக்கொண்டிருந்தார், அது கைகூடவில்லை. அபெர்டீன் மேனேஜர் டெரெக் மெக்கின்னஸ் வர மறுத்தார். ஜூன் 29-இல் பிரஸ்டனிலிருந்து சைமன் கிரேசன் வந்து சேர்ந்தார். ஆகஸ்ட் 4-இல் முதல் ஆட்டம். அணியைப் பார்க்க, பயிற்சி கொடுக்க, ஆள் சேர்க்க அவருக்குக் கிடைத்தது 36 நாட்கள். ஜூலை 29-இல் சொந்த மைதானத்தில் நட்பு ஆட்டத்தில் செல்டிக்கிடம் 0–5.

பிக்ஃபோர்டை விற்ற பணம் அணிக்குள் திரும்பவில்லை. கடனும் சம்பளமும் அதை விழுங்கின. வாங்கியவர்களுக்கெல்லாம் லட்சங்களில்தான் விலை, மற்றவர்கள் இலவச வீரர்கள் அல்லது லோன்.

இதைப் பக்கத்து ஊரோடு ஒப்பிடலாம். 2016-இல் இறங்கிய நியூகாசில், மேனேஜர் ரஃபா பெனிடெஸைத் தக்கவைத்துக்கொண்டது. வைனால்டம், சிசோக்கோ இருவரையும் பெரிய விலைக்கு விற்றது. அந்தப் பணத்தில் இரண்டாம் நிலைக்கு ஏற்ற வீரர்களை வாங்கியது. டுவைட் கெய்ல் லீக்கில் 23 கோல் அடித்தார், அணி 94 புள்ளிகளோடு முதலிடம். சண்டர்லேண்டோடு 2017-இல் இறங்கிய மிடில்ஸ்பரோவும் தன் சாதனைத் தொகையில் ஸ்ட்ரைக்கர் பிரிட் அசோம்பலோங்காவை வாங்கி 5-ஆம் இடத்தில் முடித்தது. பாராசூட் பணம் எல்லோருக்கும் வந்தது. அது அணிக்குள் போனதா, பழைய பாக்கிக்குப் போனதா என்பதில்தான் வித்தியாசம்.

களத்தில் உடைந்த இரண்டு இடங்கள்

ஓர் அணியில் எந்த இடம் பலவீனமானாலும் சமாளிக்கலாம். கோலைத் தடுப்பவரும் கோல் அடிப்பவரும் ஒருசேரப் போனால் சமாளிப்பது மிகக் கடினம்.

*கோல்கீப்பர்.* பிக்ஃபோர்டோடு இரண்டாவது கோல்கீப்பர் வீட்டோ மனோனேயும் விற்கப்பட்டார், ரெடிங்குக்கு. ஒரே கோடையில் இருவரும் இல்லை. இடத்தை நிரப்ப வந்தவர்கள் உட்ரெக்டிலிருந்து ராபின் ரைட்டர், லீக் ஒன்னுக்கு இறங்கியிருந்த பிளாக்பர்னிலிருந்து ஜேசன் ஸ்டீல். ஜனவரியில் கார்டிஃபிலிருந்து லீ கேம்ப் லோனில் வந்தார். மூவரும் மாறி மாறி நின்றார்கள். கோல்கீப்பர் அடிக்கடி மாறும்போது தடுப்பாட்டக்காரர்களுக்குச் சின்னச் சின்ன விஷயங்களில் குழப்பம் வரும்: கார்னரில் வரும் பந்துக்கு அவர் வெளியே வருவாரா, பின்னால் தட்டிவிட்டால் காலால் எடுப்பாரா, எப்போது குரல் கொடுப்பார்? இவையெல்லாம் பழகிப்பழகித்தான் படியும். சண்டர்லேண்ட் அந்தப் பருவத்தில் வாங்கிய கோல் 80.

*ஸ்ட்ரைக்கர்.* லூயிஸ் கிராபன் போர்ன்மத்திலிருந்து லோனில் வந்து 19 லீக் ஆட்டங்களில் 12 கோல் அடித்தார். அவர் மட்டும் இல்லையென்றால் அணி கிறிஸ்துமஸுக்கு முன்பே மூழ்கியிருக்கும். லோன் ஒப்பந்தத்தில் சொந்தக் கிளப் வீரரை ஜனவரியில் திரும்ப அழைத்துக்கொள்ளும் விதி இருக்கலாம். போர்ன்மத் அழைத்துக்கொண்டது. அதே மாதம் அவர் ஆஸ்டன் வில்லாவுக்கு லோனில் போனார். ஜனவரியிலேயே வெளியேறியவர்தான் பருவ முடிவிலும் சண்டர்லேண்டின் அதிக கோல் அடித்த வீரர்.

இங்கே கவனிக்க வேண்டியது, கடன் வாங்கிய ஸ்ட்ரைக்கரின் கோல்களை நம்பிப் பிழைக்கும் அணி பாதிப் பருவத்துக்குத்தான் பாதுகாப்பு வாங்கியிருக்கிறது. அவருடைய இடத்துக்கு வந்தவர்களில் யாரும் அந்த வேகத்தில் கோல் அடிக்கவில்லை.

தோல்வியைவிட டிராவே வீழ்த்தியது

பருவ முடிவில் சண்டர்லேண்டின் கணக்கு: 7 வெற்றி, 16 டிரா, 23 தோல்வி, 37 புள்ளி, 24-ஆம் இடம். சொந்த மைதானத்தில் 23 ஆட்டங்களில் வெற்றி மூன்றே மூன்று.

ஆகஸ்ட் 13-இல் நார்விச்சில் 3–1 என்று வென்ற பிறகு அடுத்த லீக் வெற்றி நவம்பர் 25-இல்தான் வந்தது. இடையில் அக்டோபர் 31, செவ்வாய் இரவு, சொந்த மைதானத்தில் போல்டனோடு ஓர் ஆட்டம். 3–3. ஆட்டம் முடிந்த சில நிமிடங்களில் கிரேசன் நீக்கப்பட்டார். அவருடைய 15 லீக் ஆட்டங்களில் வெற்றி ஒன்றுதான்.

அந்த ஒரு டிராவின் விலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

1. கடைசி நிலவரத்தில் போல்டன் 43 புள்ளிகளோடு 21-ஆம் இடத்தில் தப்பியது. பார்ன்ஸ்லி, பர்ட்டன் இரண்டும் 41-இல் இறங்கின.
2. டிரா வெற்றியானால் கூடுதலாக 2 புள்ளி. போல்டன் ஆட்டத்தை வென்றிருந்தால் சண்டர்லேண்ட் 39, போல்டன் 42.
3. மீதி 15 டிராக்களில் இன்னும் இரண்டை வென்றிருந்தால் சண்டர்லேண்ட் 43. போல்டன் இறங்கியிருக்கும், சண்டர்லேண்ட் தப்பியிருக்கும்.

பதினாறில் மூன்று. முன்னிலையில் இருக்கும்போது அதைக் காக்கத் தெரிந்த ஒரு கோல்கீப்பரும், ஆட்டம் சமனில் நிற்கும்போது முடித்துவைக்கும் ஒரு ஸ்ட்ரைக்கரும் இருந்தால் ஒரு பருவத்தில் மூன்று டிராவை வெற்றியாக்குவது பெரிய காரியமே இல்லை. (எத்தனை புள்ளி பாதுகாப்பு என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2025-இல் லூட்டன் 49 புள்ளி எடுத்தும் இறங்கியது, அதே 49 எடுத்த ஹல் கோல் வித்தியாசத்தில் தப்பியது.)

நவம்பரில் கிறிஸ் கோல்மேன் பொறுப்பேற்றார். வேல்ஸை 2016 யூரோவில் (ஐரோப்பிய நாடுகளின் கோப்பையில்) அரையிறுதிவரை அழைத்துப்போனவர். டிசம்பர் 16-இல் ஃபுல்ஹாமுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கிய 18 வயது ஜோஷ் மாஜா அடித்த ஒரே கோலில் சண்டர்லேண்ட் வென்றது. சொந்த மைதானத்தில் அதற்கு முந்தைய வெற்றி 2016 டிசம்பர் 17-இல் வாட்ஃபோர்டுக்கு எதிராக. 364 நாட்கள்! ஒரு முழு ஆண்டு, பருவச் சீட்டுக்குப் பணம் கட்டிய ரசிகர் தன் மைதானத்தில் ஒரு வெற்றியைக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குப் போனார். அப்படி ஒரு மைதானத்தில் முதல் பத்து நிமிடத்தில் ஒரு தவறான பாஸ் போனாலே கூட்டத்தின் முனகல் வீரரின் காதில் விழும். அடுத்த பந்தை அவர் முன்னால் தள்ளமாட்டார், பக்கத்தில் இருப்பவரிடம் தட்டிவிடுவார். வெளி மைதானத்தில் நான்கு வெற்றி, வீட்டில் மூன்று என்பது தற்செயல் அல்ல.

ஏப்ரல் 21, ஸ்டேடியம் ஆஃப் லைட்

கடைசிக்கு முந்தைய இடத்தில் தடுமாறிக்கொண்டிருந்த பர்ட்டன் ஆல்பியன் சண்டர்லேண்டின் மைதானத்துக்கு வந்தது. சண்டர்லேண்ட் வென்றே ஆக வேண்டும். முதல் பாதியில் பேடி மெக்நேர் கோல் அடித்தார், 1–0. ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருக்கையில் டேரன் பென்ட் தலையால் முட்டிச் சமன் செய்தார். பென்ட் வேறு யாருமில்லை, 2009 முதல் 2011 ஜனவரிவரை இதே மைதானத்தில் சண்டர்லேண்டுக்காகக் கோல் குவித்தவர். கூடுதல் நேரத்தில் லியாம் பாய்ஸ் இன்னொன்று. 1–2. மூன்றாம் நிலைக்கான இறக்கம் உறுதி. பருவம் முழுக்க நடந்ததை அந்த ஒரு பிற்பகல் அப்படியே திருப்பிக் காட்டியது: முன்னிலை கிடைத்தது, இரண்டாவது கோல் வரவில்லை, கடைசி நிமிடங்களில் பெனால்டி பெட்டிக்குள் வந்த பந்தை யாரும் விலக்கவில்லை.

எட்டு நாள் கழித்து கோல்மேன் போனார். அதே நாளில் ஷார்ட் கடன்களைத் தானே தீர்த்துவிட்டு, ஸ்டூவர்ட் டொனால்ட் தலைமையிலான குழுவுக்குக் கிளப்பைக் கைமாற்றுவதாக அறிவிக்கப்பட்டது. மே 6-இல் தற்காலிகப் பொறுப்பில் ராபி ஸ்டாக்டேல் நிற்க, சாம்பியனாகிவிட்ட வுல்வ்ஸை 3–0 என்று தோற்கடித்தார்கள். அழுத்தம் போனதும் அதே கால்கள் நன்றாக ஆடின.

ஏன் ஒரே ஆண்டில் நடந்ததாக எண்ணக் கூடாது

இறங்குவதற்கு முந்தைய ஐந்து பருவங்களில் சண்டர்லேண்ட் பிரீமியர் லீக்கில் முடித்த இடங்கள்: 2013-இல் 17, 2014-இல் 14, 2015-இல் 16, 2016-இல் 17, 2017-இல் 20. முதல் நான்கு ஆண்டுகளிலும் பருவத்தின் நடுவே புதிய மேனேஜர் வந்து காப்பாற்றினார். அடுத்த கோடையில் அவருக்குப் பிடித்த வீரர்களை நீண்ட ஒப்பந்தத்தில் வாங்குவார்கள். அவர் போவார், அடுத்தவர் வருவார், வீரர்கள் தங்குவார்கள். டி கேனியோ, போயெட், அட்வொகாட், அல்லர்டைஸ், மோயஸ் என்று ஐந்து பேரின் கணக்குகளும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து 2017 கோடையில் கிரேசனின் மேசைக்கு வந்தன. தப்பித்த ஒவ்வோர் ஆண்டும் அடுத்த வீழ்ச்சியின் செலவைக் கூட்டியது.

அதன் பிறகு

லீக் ஒன்னுக்குப் போனாலும் பாராசூட் பணம் நிற்காது. இரண்டாம் ஆண்டுத் தொகை மூன்றாம் நிலையில் ஆடும்போதே வந்தது. அப்படியும் அங்கிருந்து ஏற நான்கு பருவங்கள் ஆயின. 2019 பிளேஆஃப் இறுதியில் சார்ல்ட்டனிடம் கடைசி நிமிடத்தில் தோல்வி, 2021 அரையிறுதியில் லிங்கனிடம் தோல்வி. 2022 மே 21-இல் வெம்ப்ளியில் வைகோம்பை 2–0 என்று வென்று சாம்பியன்ஷிப்புக்குத் திரும்பியது. 2021-இல் உரிமையாளரான கிரில் லூயி-டிரெய்ஃபஸ் காலத்தில் வாங்கும் முறையும் மாறியது: பெரிய சம்பளத்துக்குப் பெயர் பெற்றவர்களைத் தேடாமல், விலை ஏறக்கூடிய இளம் வீரர்கள்.

2025 மே 24, ஷெஃபீல்ட் யுனைடெட்டுக்கு எதிரான பிளேஆஃப் இறுதி. 1–1 என்று நின்ற ஆட்டத்தில் 95-ஆம் நிமிடம் டாம் வாட்சன் அடித்த கோல் சண்டர்லேண்டை எட்டு ஆண்டுகளுக்குப் பின் பிரீமியர் லீக்குக்குத் திருப்பி அனுப்பியது. 19 வயது, அகாடமியில் வளர்ந்தவர், புத்தக மதிப்பு பூஜ்யம். 1 கோடி பவுண்டுக்கு பிரைட்டன் அவரை வாங்குவது அந்த ஆட்டத்துக்கு முன்பே முடிவாகியிருந்தது.